பத்துப் பேர் கணக்கு: காரைக்குடி பலகாரக் கடை அண்ணனுக்கு

அண்ணே, வருஷம் பூரா எட்டு பேர்தான், தீபாவளிக்கு மட்டும் நாலு ஆச்சிங்க சீப்புசீடை, மணகோலம் போட வருவாங்க, இதுக்கு இஎஸ்ஐ, அதான் தொழிலாளருக்கான அரசுக் காப்பீடு, கட்டணுமான்னு கேட்டிருந்தீங்க. கட்டணும்ணே. போன பன்னெண்டு மாசத்துல ஏதோ ஒரு நாள் சம்பளத்துக்குப் பத்துப் பேர் வேலை பாத்திருந்தாலே சட்டத்துக்குள்ள வந்துருவீங்க, தினக்கூலியும் கணக்குதான், ஒருதரம் உள்ள வந்தா அப்புறம் ஆள் குறைஞ்சாலும் வெளிய வர முடியாது. ஆள் கணக்கு பத்துக்குக் கீழ தெரியட்டும்னு ஒரே கடைய ரெண்டு கடை மாதிரி வேற வேற பேருல காட்ட ஒருத்தர் சொன்னாருன்னு எழுதினீங்களே, அந்த ஆளு பேச்சக் கேக்காதீங்க, பின்னாடி மாட்டுனா பழைய பாக்கியோட வருஷத்துக்கு 12 சதவீத வட்டியும் சேத்துக் கட்டணும்.

செலவு நீங்க பயப்படுற அளவு இல்லண்ணே. மாசம் 21,000 ரூபா வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்குத்தான் இது. உங்க பங்கு 3.25, அவங்க பங்கு 0.75 சதவீதம். 12,000 சம்பளம்னா நீங்க 390, அவங்க 90, அவ்வளவுதான். உங்க பங்கையும் சேத்து அவங்க சம்பளத்துல பிடிச்சிராதீங்க, அது தப்பு.

எண்ணெய்ச் சட்டிகிட்ட நிக்கிறவங்களுக்குக் கை வெந்து பத்து நாள் வர முடியலன்னா வைத்தியமும் உண்டு, சம்பளத்துல 90 சதவீதமும் கெடைக்கும். இப்ப அதெல்லாம் உங்க கல்லாப்பெட்டியிலருந்துதானே போகுது? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கேன்னு விட்டுறாதீங்க, அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும்தான், வராத நாளுக்குக் கூலி தராது.

இந்த வருஷ ஆச்சிங்க வர்றதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல பதிஞ்சிருங்க, ஒவ்வொரு மாசப் பணத்தையும் அதுக்கு அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டணும்.