முப்பதாயிரம் ரூபாய் லிமிட்: கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: அம்பத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக மாதம் 58,000 ரூபாய் கைக்கு வருகிறது. இதுவரை எந்தக் கடனும் வாங்கியதில்லை. தெரிந்தவர் ஒருவரிடம் ஆறு வருடங்களாக மாதம் 5,000 ரூபாய் சீட்டு கட்டுகிறேன். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. முதன்முதலாக வாங்கிய கிரெடிட் கார்டுக்கு 30,000 ரூபாய்தான் லிமிட் கொடுத்திருக்கிறார்கள். அதே சம்பளம் வாங்கும் சக ஊழியருக்கு ஒன்றரை லட்சம் கிடைத்திருக்கிறது. மகளின் பள்ளிக் கட்டணத் தவணையே 18,000 ரூபாய். இதை ரத்து செய்துவிட்டு வேறு வங்கியில் விண்ணப்பிக்கலாமா?

பதில்: ரத்து செய்ய வேண்டாம், இப்போதைக்கு வேறு வங்கியிலும் விண்ணப்பிக்க வேண்டாம். உங்கள் சம்பளத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள் என்று நீங்கள் வருந்துவது தெரிகிறது. ஆனால் சம்பளம், அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்பதைத்தான் வங்கிக்குச் சொல்கிறது. அதில் எவ்வளவை இன்றே கொடுக்கலாம் என்பது, நீங்கள் இதற்கு முன் வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டிய பதிவைப் பொறுத்தது. அந்தப் பதிவு சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களிடம் இருக்கிறது. உங்கள் பெயரில் அங்கே எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். தவறாமல் கட்டிய ஆறு வருடச் சீட்டுக்கு அங்கே ஒரு வரிகூட இருக்காது. வீட்டு வாடகையும் அடகுக் கடையில் மீட்ட நகையும் அப்படியே. வங்கியில் வைத்த நகைக்கடன் என்றால் பதிவாகும். சென்னையின் நடுத்தரக் குடும்பங்களில் மிக ஒழுங்காகப் பணம் கட்டுகிற பலர், இதனாலேயே வங்கியின் கண்ணுக்கு முன்பின் தெரியாதவர்களாக நிற்கிறார்கள். உங்கள் சக ஊழியர் எப்போதோ ஒரு பைக் கடனைக் கட்டி முடித்திருக்கலாம், அல்லது அவருடைய சம்பளக் கணக்கே அந்த வங்கியில் இருக்கலாம்.

இன்னொரு காரணத்துக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, வங்கிகளின் கிரெடிட் கார்டு கடன்களுக்கான இடர் எடையை 125 சதவிகிதத்திலிருந்து 150 சதவிகிதமாக உயர்த்தியது. அதாவது, கார்டில் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கி முன்பைவிட அதிக மூலதனத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். முதல் கார்டு வாங்குபவரிடம் கையை இறுக்கிக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

வேறு வங்கிக்குப் போனாலும் அவர்கள் பார்க்கப்போவது இதே வெற்று அறிக்கையைத்தான். கூடுதலாக, நீங்கள் விண்ணப்பித்த விவரமும் அதில் ஏறிவிடும். சில மாதங்களுக்குள் இப்படிப் பல விசாரணைகள் சேர்ந்தால், பணத்துக்கு அலைகிறவர் என்ற எண்ணம் உண்டாகி உங்கள் கடன் மதிப்பெண் (ஸ்கோர்) இறங்கும். அதே வங்கியில் இரண்டாவது கார்டு வாங்கினாலும், பெரும்பாலும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே லிமிட்தான்.

சிறிய லிமிட்டில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது, பயன்பாட்டு விகிதம், அதாவது லிமிட்டில் எத்தனை சதவிகிதம் நிலுவையாக நிற்கிறது என்பது. பள்ளிக் கட்டணம் 18,000 ரூபாயை ஒன்றரை லட்சம் லிமிட் உள்ள கார்டில் தேய்த்தால் 12 சதவிகிதம். உங்கள் கார்டில் அதே தொகை 60 சதவிகிதம். 30 சதவிகிதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அது சட்டமல்ல, ஆனால் பின்பற்றத் தகுந்தது. இதற்காகச் செலவைச் சுருக்க வேண்டியதில்லை, பணம் கட்டும் நாளை மாற்றினால் போதும். பலரும் கடைசித் தேதியை மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் ஸ்டேட்மென்ட் (மாதக் கணக்கு அறிக்கை) வரும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்மென்ட் 20ஆம் தேதி வருமென்றால், 5ஆம் தேதி கட்டிய பள்ளிக் கட்டணத்தில் 12,000 ரூபாயை 18ஆம் தேதிக்குள் கார்டு கணக்கில் செலுத்திவிடுங்கள். ஸ்டேட்மென்டில் 6,000 ரூபாய்தான் நிலுவையாக வரும், அதாவது 20 சதவிகிதம். செலுத்திய தொகைக்கு லிமிட்டும் மீண்டும் திறந்துகொள்வதால், மாதக் கடைசியில் மளிகைக்கும் மின்கட்டணத்துக்கும் அதே கார்டு உதவும். வங்கிகள் இந்த நிலுவை விவரங்களைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குக் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததால், உங்கள் ஒழுங்கு முன்பைவிட விரைவாகப் பதிவேறும்.

மீதித் தொகையைக் கெடுவுக்குள் முழுமையாகக் கட்டிவிடுங்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராதே தவிர, வட்டி வரும். அடுத்து வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. இந்தக் கார்டில் இஎம்ஐயில் போன் வாங்குவதையும் தள்ளிப்போடுங்கள். 24,000 ரூபாய் போனை இஎம்ஐயாக மாற்றினால், லிமிட்டில் அவ்வளவும் முடங்கி, தவணை கட்டக் கட்டத்தான் விடுபடும். ஏடிஎம்மில் இந்தக் கார்டைச் செருகவே வேண்டாம்.

இப்படி ஆறு மாதங்கள் போன பிறகு, அண்மைய சம்பளச் சீட்டுகள், படிவம் 16 ஆகியவற்றுடன் லிமிட்டை உயர்த்தக் கேளுங்கள். வங்கி தானாகவே முன்வந்தாலும், ரிசர்வ் வங்கி நெறிமுறைகளின்படி உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் லிமிட்டை உயர்த்தக் கூடாது. எனவே வங்கியின் செயலியில் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். "லிமிட்டை உயர்த்தித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் கேட்பவர் வங்கிக்காரர் அல்லர். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

லிமிட்டை உயர்த்தக் கேட்பதற்கு முன் கடன் அறிக்கையைப் பார்த்துவிடுங்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்காத கடன் எதுவும் உங்கள் பெயரில் ஏறியிருந்தால் அப்போதே எழுதித் திருத்தச் சொல்லலாம். லிமிட் குறைவு என்பதற்காக ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போவதில் பயனில்லை. அது வங்கியின் வணிக முடிவு என்று புகாரை ஏற்கமாட்டார்கள். அவசரமாகப் பெரிய லிமிட் வேண்டுமென்றால், நிரந்தர வைப்பை (எஃப்.டி.) ஈடாகப் பெற்றுக்கொண்டு கார்டு தரும் வங்கிகள் இருக்கின்றன. அங்கே லிமிட்டைத் தீர்மானிப்பது வைப்புத்தொகைதான். பழைய பதிவைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. சீட்டுப் பணம் கைக்கு வரும்போது இதை யோசிக்கலாம்.

கார்டைத் திருப்பிக் கொடுப்பதில் நியாயமுள்ள நிலை ஒன்றே ஒன்று: ஆண்டுக் கட்டணம் அதிகமாக இருந்து, அதைத் தள்ளுபடி செய்யத் தேவையான செலவை 30,000 ரூபாய் லிமிட்டில் உங்களால் எட்டவே முடியாது என்றால் கொடுத்துவிடலாம். அப்போது நிலுவையை முழுதும் தீர்த்துவிட்டு எழுத்தில் கேளுங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி கணக்கை முடிக்க வேண்டும். அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.