வேகம் கூட்டிக் கேட்ட வரலாறு – கடிதம், பதில்

அன்புள்ள சார்,

சென்ற மாதக் கட்டுரையில், ஹைட்டி புரட்சியைப் பற்றி ஒரு பாட்காஸ்ட்டில் கேட்டதாகப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். நானும் வரலாற்று பாட்காஸ்ட்கள் விடாமல் கேட்பவள். தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். 1.75 மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்பேன். போன வருடம் மட்டும் 31 தொடர்களை முடித்தேன். ஆனால் சென்ற வாரம் ஒரு தோழி, ரோமப் பேரரசு எப்படி விழுந்தது என்று கேட்டபோது, இரண்டு வாக்கியத்துக்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. அவமானமாக இருந்தது. நான் தேர்ந்தெடுப்பதுதான் சரியில்லையோ? நீங்கள் கேட்டவற்றில் சிறந்த பத்தைப் பட்டியலாகத் தர முடியுமா? இவற்றை நடத்துபவர்களில் பலர் வரலாற்றாசிரியர்களே இல்லையே, நம்பலாமா? "காதால் கேட்பதெல்லாம் படிப்பா?" என்கிறார் அப்பா. தமிழில் ஏன் இப்படி நீண்ட தொடர்கள் இல்லை?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. எனக்கு உறுத்தியது அவற்றில் எதுவும் இல்லை. நடுவில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன அந்த 1.75தான். கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் பட்டியல். பத்து தர மாட்டேன். பத்து கொடுத்தால் இரண்டு மாதத்தில் முடித்துவிட்டு அடுத்த பத்து கேட்பீர்கள். புரட்சிகளை ஒவ்வொன்றாகச் சொல்லும் மைக் டங்கனின் 'ரெவல்யூஷன்ஸ்' பாட்காஸ்ட்டிலிருந்து தொடங்குங்கள். அவரே 2007 முதல் 2012 வரை சொன்ன 'தி ஹிஸ்டரி ஆஃப் ரோம்' உங்கள் 31-இல் இருந்திருக்கும், மறுபடி கேளுங்கள். டேன் கார்லினின் 'ஹார்ட்கோர் ஹிஸ்டரி'யில் முதல் உலகப் போரைப் பற்றிய ஆறு பகுதிகள், மொத்தம் 20 மணி நேரத்துக்கு மேல் வரும். அற்புதமான குரல், பதுங்குகுழிச் சேறு நம் காலில் ஒட்டும். ஆனால் கோரத்தின் மேல் அவருக்கு ஒரு ஈர்ப்பு உண்டு, தொடர்ந்து கேட்டால் மனம் மரத்துப்போகும், விட்டுவிட்டுக் கேளுங்கள். பால் கூப்பரின் 'ஃபால் ஆஃப் சிவிலைசேஷன்ஸ்' இன்னொரு வகை. ஒரு நாகரிகம் அழிந்து பல நூற்றாண்டு கழித்து, அந்த இடிபாடுகளின் முன் வந்து நின்ற யாரோ ஒரு பயணியிடமிருந்து தொடங்குவார். விஜயநகரத்துக்கும் ஒரு பகுதி இருக்கிறது. ஹம்பிக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதைக் கேட்டுவிட்டுப் போங்கள். முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது என்றால் பிபிசியின் 'இன் அவர் டைம்'. 1998 முதல் 2025 வரை மெல்வின் பிராக் அதை நடத்தினார். மூன்று பேராசிரியர்களை உட்காரவைத்து, அவர்கள் சுற்றி வளைத்தால் பொறுமையிழந்து குறுக்கே புகுவார். அந்தப் பொறுமையின்மை எனக்குப் பிடிக்கும்.

நம்பலாமா என்று கேட்கிறீர்கள். கார்லின் தன்னை வரலாற்றாசிரியன் இல்லை என்று தானே திரும்பத் திரும்பச் சொல்கிறார். எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தேன் என்று சொல்பவரைக் கேளுங்கள், சொல்லாதவரை விடுங்கள். அப்பா சொல்வதற்கெல்லாம் சண்டை போடாதீர்கள். அவர் காலத்தில் காதுக்கு வந்தது ரேடியோவும் மேடைப்பேச்சும்தான்.

சரி, வேகத்துக்கு வருகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் எனக்கு வலது கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்து, விழித்திரையை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க ஒரு வாயுக் குமிழியை வைத்து அனுப்பினார்கள். குமிழி மேல்நோக்கிப் போகும் என்பதால் தலை எப்போதும் கவிழ்ந்தே இருக்க வேண்டும். பத்து நாள். தூங்கும்போதும் குப்புறத்தான், சாப்பிடும்போதும் குனிந்துதான். படிக்கவே கூடாது. ஐம்பது வருடமாகப் படிக்காமல் ஒரு நாள் இருந்தவனில்லை நான். கட்டிலின் விளிம்பில் நெற்றியை ஒரு தலையணையில் முட்டுக்கொடுத்துப் படுத்திருப்பேன். மற்ற கண்ணுக்குத் தெரிவது தரையின் ஒரு முழம் மொசைக். அதில் ஒரு கறுப்புச் சில்லு, அதையொட்டி ஒரு விரிசல், சாயங்காலமானால் அந்த விரிசலோரம் எறும்புகள். மனைவி கீழே உட்கார்ந்து டம்ளரில் ஸ்ட்ரா போட்டு காபியை என் முகத்துக்கு அடியில் நீட்டுவாள். இன்னும் அந்தச் சில்லைக் கண்ணை மூடினால் பார்க்கிறேன்.

பேரன்தான் காதில் கருவியை மாட்டி 'ரெவல்யூஷன்ஸ்' போட்டுவிட்டுப் போனான். பிரெஞ்சுப் புரட்சி ஐம்பது பகுதிக்கு மேல் போகும். அதற்கு அடுத்த தொடர்தான் ஹைட்டி, ஏறத்தாழ இருபது பகுதி. முதலில் ஹைட்டியைக் கேட்டேன். அவன் தன் பழக்கத்துக்கு ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்திருந்தான். அது எனக்குத் தெரியாது. பேசுபவர் அவசரக்காரர் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். ஒரு பகல் முழுக்கக் கேட்டேன். எல்லாம் புரிந்தது, ஒன்றும் வலிக்கவில்லை. ராத்திரி மனைவி போனை எடுத்தவள், "ஏன் இந்த ஆள் இப்படி ஓடுகிறான்?" என்று கேட்டு வேகத்தைக் குறைத்தாள். மறுநாள் காலை முதல் பகுதியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

அன்றைக்குத்தான் 1791 டிசம்பரை நான் கேட்டேன். முந்தின நாளும் அதே பகுதி என் காதில் ஓடியிருக்கிறது.

உங்களுக்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். கரீபியன் கடலில் இருக்கும் இன்றைய ஹைட்டி அன்று பிரான்சின் காலனி, பெயர் சான்-தொமாங். ஐரோப்பா டீயிலும் காபியிலும் கலந்து குடித்த சர்க்கரையில் பெரும்பங்கு அங்கிருந்து போனது. ஏறத்தாழ 5 லட்சம் கறுப்பின அடிமைகள். அவர்களுக்கு மேலே முப்பதாயிரம் சொச்சம் வெள்ளையர். இடையில் அதே அளவுக்குச் சற்றுக் குறைவாக, அடிமையல்லாத கலப்பினத்தாரும் கறுப்பினத்தாரும். 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியில் அடிமைகள் எழுந்தார்கள். கரும்புக்காடுகளும் ஆலைகளும் எரிந்தன. இதுவரை எல்லாரும் சொல்வார்கள். பிறகு தூசான் லூவெர்த்யூர் தலைமை ஏற்றார், நெப்போலியனின் படை தோற்றது, 1804 ஜனவரி 1 அன்று விடுதலை என்று முடித்துவிடுவார்கள். ஐந்து நிமிட வீடியோவுக்கு அது போதும். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் பொய்.

ஏனென்றால் ஆகஸ்டுக்குப் பிறகு டிசம்பர் இருக்கிறது. நான்கு மாதம் கழித்து கலகத்தின் தலைவர்களான ழான் பிரான்சுவாவும் பியாசுவும் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். என்ன கேட்டார்கள்? அடிமை முறையை ஒழிக்கச் சொல்லவில்லை. தலைவர்கள் சில நூறு பேருக்கு விடுதலை கொடுங்கள், மற்றவர்களைத் திரும்பத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். பேரத்தில் அந்த எண்ணிக்கை ஐம்பது அறுபது வரைக்கும் இறங்கியது. ஐந்து லட்சம் பேரில் அறுபது பேர்! அந்தப் பேச்சுவார்த்தையில் தூசானும் இருந்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கவிழ்ந்து படுத்திருந்தவன் தலையைத் தூக்கிவிட்டேன். மனைவி ஓடிவந்து பிடித்து அழுத்தினாள். அந்த மனிதர்களை நான் நாலு பகுதிகளாகத் தொடர்ந்து வந்திருக்கிறேன். இவர்களா இப்படி? அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. அவர்களுக்கு 1804 தெரியாது. பட்டினி தொடங்கிவிட்டது, பிரான்சிலிருந்து படை வரும் என்று செய்தி வருகிறது. உலகில் எங்குமே அடிமைகள் ஒரு நாட்டைப் பிடித்து வைத்திருந்ததாக அவர்கள் கேள்விப்பட்டதில்லை. அறுபது பேராவது பிழைக்கட்டும் என்று கேட்கிறார்கள். தோட்ட முதலாளிகள் அதற்கும் மறுத்தார்கள். சந்திப்புக்கு வந்த இடத்தில் ஒரு முதலாளி ழான் பிரான்சுவாவைச் சவுக்கால் அடித்தான். கடைசியில் பேச்சு முறிந்தது. அந்த மறுப்புதான் ஹைட்டியை உண்டாக்கியது என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று அவர்கள் அந்த அறுபது பேரை விட்டிருந்தால், மீதி அத்தனை பேரும் மறுபடி கரும்பு வெட்டப் போயிருப்பார்கள்.

எம்., இதைக் கேட்டபிறகு எனக்கு ஒரு மணி நேரம் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. கருவியைக் கழற்றச் சொன்னேன். மொசைக் சில்லைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். 1.75-இல் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்காது. கோபம் வருவதற்குள் அடுத்த தேதி வந்துவிடும். இப்போதெல்லாம் செயலிகளில் மௌனத்தை வெட்டி எடுக்கும் வசதி வேறு இருக்கிறதாம். பேசுபவர் ஒரு மரணத்தைச் சொல்லிவிட்டு மூச்சுவிட நிற்பதைக் கூட நேரவிரயம் என்று வெட்டியெறிகிறது. அதையும் போட்டு வைத்திருக்கிறீர்களா? தயவுசெய்து நிறுத்துங்கள்.

31 தொடர்கள் முடித்தேன் என்கிறீர்கள். முடிப்பதற்கு இது என்ன வீட்டுப்பாடமா? வருத்தப்பட்டுத்தான் சொல்கிறேன். டங்கன் ரஷ்யப் புரட்சியை நூறு பகுதிகளுக்கு மேல் சொன்னார். 2019-இல் தொடங்கி 2022 வரை, பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று. அப்போது உடன் கேட்டவர்கள் லெனினோடு மூன்று வருடம் குடித்தனம் நடத்தினார்கள். இந்த வாரம் எரிச்சல், அடுத்த வாரம் வியப்பு, அதற்கடுத்த வாரம் பயம். நீங்கள் அதை மூன்று வாரத்தில் பஸ்ஸில் முடித்தீர்கள் என்றால், தோழி கேட்கும்போது இரண்டு வாக்கியம் மிஞ்சியதே பெரிது. உங்கள் ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. தேர்விலும் இல்லை. அவமானப்பட இதில் ஒன்றுமே இல்லை, அந்த வார்த்தையைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தூசானிடமே திரும்புகிறேன். மெதுவாகக் கேட்டால் அவர் சிலையாக நிற்க மாட்டார். 1793-இல் ஸ்பெயினின் படையில் சேர்ந்து பிரான்சுக்கு எதிராகச் சண்டையிட்டவர், 1794-இல் பிரான்சின் பக்கம் வருகிறார். அந்த வருடம் பிப்ரவரியில் பாரிஸ் சபை தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்திருந்தது. அவர் ஆட்சிக்கு வந்தபிறகு, விடுதலை பெற்றவர்கள் தோட்டங்களைவிட்டுப் போகக் கூடாது என்று சட்டம் போடுகிறார். அதை எதிர்த்த கலகத்துக்குத் துணைநின்றதாகச் சொல்லி, தான் மகன்போல வளர்த்த மொயீஸையே 1801-இல் சுட்டுக்கொல்ல வைக்கிறார். சரி, இவன் கொடியவன் என்று நீங்கள் முடிவுக்கு வரும் நேரத்தில், 1802-இல் நெப்போலியனின் மைத்துனன் லெக்லேர் பெரும்படையோடு வந்து இறங்குகிறான். பேச்சுக்கு அழைத்து தூசானைக் கைது செய்து, பிரான்சின் ஜூரா மலையில் ஒரு கோட்டையில் அடைக்கிறார்கள். கரீபியன் வெயிலில் வாழ்ந்த கிழவர். நெப்போலியனுக்குக் கடிதம் எழுதுகிறார், பதில் இல்லை. 1803 ஏப்ரல் 7 அன்று அந்தக் குளிரிலேயே இறந்துபோகிறார். நாட்டின் விடுதலையை அவர் பார்க்கவில்லை. பார்த்தவர் அவருடைய தளபதி தெசலீன்.

அத்தோடும் முடியவில்லை. 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, உங்கள் விடுதலையை அங்கீகரிக்க 15 கோடி பிராங்க் கொடுங்கள் என்றது. முன்னாள் முதலாளிகள் இழந்த 'சொத்து'க்கு நஷ்ட ஈடு. அந்தச் சொத்தில் மனிதர்களும் சேர்த்தி. பின்னால் 9 கோடியாகக் குறைத்தார்கள். அதற்காக வாங்கிய கடன்கள் தீர 1947 ஆனது. ஹைட்டி ஏன் ஏழை நாடு என்று யாராவது உங்களிடம் கேட்டால், இந்த ஒரு கணக்கையாவது சொல்லுங்கள்.

தமிழில் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். தமிழில் சொல்ல வேண்டிய ஒரு கதை இதன் தொடர்ச்சியிலேயே இருக்கிறது. நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்த அடிமை முறையை 1848-இல் பிரான்ஸ் தன் மற்ற காலனிகளில் மறுபடி ஒழித்ததும், கரும்பு வெட்ட ஆள் வேண்டுமென்று பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஆட்களை ஏற்றினார்கள். கரீபியனிலுள்ள பிரெஞ்சுத் தீவுகளான மார்ட்டினிக்குக்கு 1853-இலும், குவாதலூப்புக்கு 1854-இலும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. அவர்கள் சந்ததியினர் இன்றும் அங்கே மாரியம்மனுக்குப் பூசை செய்கிறார்கள். இதை நாற்பது பகுதியாகத் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். பத்து நிமிடத்தில் 'உங்களுக்குத் தெரியாத அதிர்ச்சித் தகவல்' என்று கத்துபவர்கள் வேண்டாம். நூலகத்தில் உட்கார்ந்து படித்து, வாரம் ஒருமுறை நிதானமாகப் பேசுகிற ஒருவர். அப்படி யாராவது தொடங்கினால் முதல் சந்தா என்னுடையது.

நாளைக் காலை பஸ்ஸில் ஹைட்டித் தொடரின் முதல் பகுதியைப் போடுங்கள். வேகம் ஒன்று. ஒரு நாளைக்கு ஒன்றுதான், மீதி நேரம் ஓ.எம்.ஆரில் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். 1791 டிசம்பர் வந்ததும் நிறுத்திவிட்டு, அந்த அறுபது பேர் விஷயத்தில் நீங்கள் யார் பக்கம் என்று எனக்கு எழுதுங்கள். எனக்கு இன்னும் ஒரு முடிவு வரவில்லை.

அன்புடன்.