அயோவாவின் 7.7 சதவீதமும் வேட்பாளரின் மதமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் நெடுநாளாக நியூ ஜெர்சியில் வசித்து வருகிறேன். சென்ற ஆண்டுதான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றேன். அதிபர் தேர்தலுக்கான குடியரசுக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க, 2024 ஜனவரியில் அயோவா மாநிலத்தில் கட்சியினர் நேரில் கூடி வாக்களித்த காக்கஸின் முடிவு வந்த மறுநாள் எங்கள் அலுவலகச் சாப்பாட்டுக் கூடத்தில் தொடங்கிய விவாதம், நியூ ஹாம்ஷயர் முடிவும் வந்துவிட்ட பின்பு இன்றுவரை ஓயவில்லை. டிரம்போடு போட்டியிட்ட இந்திய வம்சாவளித் தொழிலதிபர் விவேக் ராமசாமி 7.7 சதவீதத்தோடு நான்காம் இடத்தில் நின்று அன்றிரவே விலகியதற்கு அவர் இந்து என்பது ஒன்றே காரணம் என்கிறார் ஒரு நண்பர். டிரம்ப் என்ன பக்திமானா, மதத்துக்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார் இன்னொருவர். அயோவாவில் பிறந்து வளர்ந்த சக ஊழியர் ஒருவரோ, தன்னை ஆளப்போகிறவர் எந்தக் கடவுளை வணங்குகிறார் என்று கேட்க வாக்காளருக்கு எல்லா உரிமையும் உண்டு என்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி? ஒரு வேட்பாளரிடம் மதத்தைப் பற்றிக் கேட்பது நியாயம்தானா? முதன்முறையாக வாக்களிக்கப் போகிறவன் என்பதால் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கே.,
நியூ ஜெர்சி

*

அன்புள்ள கே.,

ராமசாமி நான்காம் இடத்துக்குப் போனதற்கு மதம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்ற உங்கள் இரண்டாவது நண்பரோடும் எனக்கு உடன்பாடில்லை. மதம் அவரிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டது. அது வாக்கு எண்ணிக்கையில் தெரியாது. அவர் பேசிய பேச்சில்தான் தெரியும்.

முதலில் அந்த எண்ணிக்கை எதை அளக்கிறது என்று பார்ப்போம். அயோவாவில் குடியரசுக் கட்சியினராகப் பதிவு செய்தவர்கள் ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர். ஜனவரி 15 அன்று, எலும்பை உறைய வைக்கும் குளிரில், மாலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடங்களுக்கும் தேவாலயங்களுக்கும் நேரில் வந்து, ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் பேசுவதைக் கேட்டுவிட்டுச் சீட்டில் பெயர் எழுதிப் போட்டவர்கள் 1,10,000 பேர் அளவில்தான். தபால் வாக்கோ நாள் முழுதும் திறந்திருக்கும் சாவடியோ அங்கே இல்லை. இப்படிப்பட்ட முறையில் ஒரு கருத்து எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதைவிட, அந்தக் கருத்துடையவர்களை வீட்டிலிருந்து கிளப்பிக் கொண்டுவரும் அமைப்பு யாரிடம் இருக்கிறது என்பதே பெரிது. அயோவாவில் அந்த அமைப்பு நெடுங்காலமாகத் திருச்சபைகளிடம் இருந்தது. 1954-இல் வந்த வரிச்சட்டத் திருத்தம் ஒன்றின்படி, வரிவிலக்குப் பெற்ற சபை எந்த வேட்பாளரையும் ஆதரித்துப் பிரசாரம் செய்யக் கூடாது. ஆனால் போதகர் தனிமனிதராக ஒருவரை ஆதரிக்கலாம். ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது சபையார் தங்களுக்குள் பேசிக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்காது.

இது முழு வீச்சில் வேலை செய்த ஆண்டு 2008. ஆர்கன்சாவின் முன்னாள் ஆளுநர் மைக் ஹக்கபி, பாப்டிஸ்ட் போதகராக இருந்தவர். கையில் பணம் குறைவு. எதிரே நின்ற மிட் ராம்னியோ தாராளமாகச் செலவழித்தார். ஆனால் அவர் அமெரிக்காவிலேயே தோன்றிய மார்மன் சபையைச் சேர்ந்தவர். பைபிளையும் தனிப்பட்ட மனமாற்றத்தையும் முதன்மையாகக் கொள்ளும் எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் பலர் மார்மன்களைக் கிறிஸ்தவர்களாகவே ஏற்பதில்லை. இயேசுவும் சாத்தானும் சகோதரர்கள் என்று மார்மன்கள் நம்புகிறார்கள் அல்லவா என்று ஹக்கபி ஒரு செய்தியாளரிடம் கேட்டு, பிறகு அதற்காக ராம்னியிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் கேள்வி போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அதற்குள் போய்விட்டது. காக்கஸுக்கு வந்த குடியரசுக் கட்சியினரில் பத்தில் ஆறு பேர் எவாஞ்சலிக்கல்கள். ஹக்கபி 34 சதவீதமும் ராம்னி 25 சதவீதமும் பெற்றார்கள். ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ஷயரில் அதே ஹக்கபிக்குக் கிடைத்தது 11 சதவீதம். ஜனவரி 19 அன்று நெவாடாவில் காற்று எதிர்த்திசையில் அடித்தது: அங்கே வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மார்மன், அவர்கள் கிட்டத்தட்ட ஒட்டுமொத்தமாக ராம்னிக்கே வாக்களித்தார்கள். மதம் முடிவைத் தீர்மானித்தது என்று அந்த ஆண்டைப் பற்றிச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அதன் தொடர்ச்சியையும் உங்கள் நண்பர் பார்க்க வேண்டும். 2012-இல் ராம்னியே கட்சியின் வேட்பாளராகி ஒபாமாவை எதிர்த்து நின்றபோது, வெள்ளை எவாஞ்சலிக்கல்களில் பத்தில் எட்டுப் பேர் அவருக்கு வாக்களித்தார்கள். இது 2008 பொதுத் தேர்தலில் அதே கட்சியின் வேட்பாளர் மெக்கெய்ன் பெற்றதைவிடச் சற்று அதிகம். மார்மன் மதம் இந்த நான்காண்டுகளில் மாறிவிடவில்லை. அதைப் பற்றிய இறையியல் ஆட்சேபமும் தீர்ந்துவிடவில்லை. எதிரே நின்றவர் மாறினார், அவ்வளவுதான். ஒரே கட்சிக்குள் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது, கொள்கையில் ஒருவருக்கொருவர் பெரிய வேறுபாடு இல்லாத நிலையில், யார் நம்மவர் என்பதற்கு மதம் கைக்கு எளிதான அடையாளமாகிறது. இரு கட்சிகள் மோதும்போது கட்சியே அந்த அடையாளமாகிவிடுகிறது.

இனி இந்த ஆண்டுக்கு, 2024-க்கு வருவோம். இந்து என்பதால்தான் தோற்றார் என்றால், சரியான மதத்தோடு வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். களத்தில் இருந்தவர்களில் முன்னாள் துணை அதிபர் மைக் பென்ஸைவிட வெளிப்படையான எவாஞ்சலிக்கல் யாரும் இல்லை. அவர் 2023 அக்டோபர் மாதமே விலகினார். வேத வசனம் சொல்லாமல் மேடையிறங்காத செனட்டர் டிம் ஸ்காட் நவம்பரில் விலகினார். ஃப்ளோரிடா ஆளுநராக இருந்தபடி போட்டியிட்ட, கத்தோலிக்கரான டிசாண்டிஸ் அயோவாவின் 99 மாவட்டங்களுக்கும் போய் வந்தார். மாநில ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் அவர் பக்கம் நின்றார். 2008-இல் ஹக்கபியையும், 2012-இல் சாண்டோரமையும், 2016-இல் டெட் குரூஸையும் ஆதரித்து மூன்று முறையும் வெற்றியாளர் பக்கம் இருந்த அயோவா எவாஞ்சலிக்கல் தலைவர் பாப் வேண்டர் பிளாட்ஸ் இம்முறை டிசாண்டிஸை ஆதரித்தார். கிடைத்தது 21 சதவீதம். டிரம்ப் 51 சதவீதத்தோடு 98 மாவட்டங்களை வென்றார்; மீதமிருந்த ஒன்றை இன்னொரு போட்டியாளரான நிக்கி ஹேலியிடம் ஒரே ஒரு வாக்கில் இழந்தார். அதே வேண்டர் பிளாட்ஸின் அமைப்பு 2015-இல் ஏம்ஸ் நகரில் நடத்திய கூட்டத்தில், தாம் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தமக்கு நினைவில்லை என்று சொன்னவர்தான் இந்த டிரம்ப். 2016 காக்கஸில் எவாஞ்சலிக்கல்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் அவருக்கு வாக்களித்தார்கள். இம்முறை பாதிக்கு மேல்.

மேய்ப்பர்கள் ஒரு பக்கம் போக, மந்தை வேறு பக்கம் போயிருக்கிறது. இதற்கு ஒரு விளக்கம் எவாஞ்சலிக்கல் என்ற அடையாளமே அரசியல் அடையாளமாக மாறிவருவது. டிரம்ப்மீது பரிவுள்ள வெள்ளையர்களில் முன்பு தம்மை அப்படிச் சொல்லிக்கொள்ளாத ஒரு பகுதியினர் 2020-க்குள் அப்படிச் சொல்லிக்கொள்ளத் தொடங்கியிருந்ததை ப்யூ ஆய்வு மையம் 2021-இல் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார்கள் என்பதைவிட, யாரைத் தங்கள் எதிரி என்று கருதுகிறார்கள் என்பதே அவர்களை இணைக்கிறது. இந்த மாற்றம் ஒரு இந்து வேட்பாளருக்குச் சாதகமா பாதகமா என்று என்னால் உடனே சொல்லிவிட முடியவில்லை. கொள்கை அளவில் அது கதவைச் சற்றுத் திறந்துவிட வேண்டும். ராமசாமியும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார் என்று தோன்றுகிறது.

அவர் விழுந்த இடம் வேறு. தேர்தல் காலம் முழுவதும் டிரம்பை அவர் அளவுக்குப் புகழ்ந்த போட்டியாளர் யாரும் இல்லை. அசல் சரக்கே கடையில் இருக்கும்போது நகலை வாங்க எதற்கு ஒருவர் பனியில் வரவேண்டும் என்ற கேள்விக்கு அவரிடம் கடைசிவரை பதில் இல்லை. ஜனவரி 13 அன்று டிரம்பே, ராமசாமிக்குப் போடும் வாக்கு எதிரிக்குப் போடும் வாக்கு என்று எழுதினார். அதன் பிறகும் எட்டாயிரத்துச் சொச்சம் பேர் அவர் பெயரை எழுதிப் போட்டிருக்கிறார்கள். இதை ஒரு இந்துவின் தோல்வி என்று படிக்கலாம் என்றால், தன்னை இந்து என்று சொல்லிக்கொண்டு அயோவா குடியரசுக் கட்சியினரிடம் எட்டாயிரம் வாக்கு வாங்கியவரின் கதை என்றும் படிக்கலாம். இரண்டுமே அந்த எண்ணிலிருந்து நேராகக் கிடைப்பவை அல்ல.

மதம் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டது என்று நான் சொன்னது இதைத்தான். 2023 டிசம்பர் 13 அன்று அயோவாவின் டி மாய்ன் நகரில் தொலைக்காட்சியில் நடந்த கூட்டத்தில் ஒரு வாக்காளர் எழுந்து, இந்த நாட்டை நிறுவியவர்கள் எந்த மதத்தின்மேல் இதைக் கட்டினார்களோ அது உங்கள் மதம் இல்லையே, பின் எப்படி நீங்கள் அதிபராகலாம் என்போருக்கு உங்கள் பதில் என்ன என்று கேட்டார். மரியாதையாகவே கேட்டார். பாலக்காட்டிலிருந்து போன, தமிழ் பேசும் பெற்றோரின் மகன் அதற்குச் சொன்ன பதில், தான் இந்து, வாக்குக்காகப் போலியாக மதம் மாற மாட்டேன் என்று தொடங்கியது. அதுவரை நேர்த்தி. பிறகு அவர் பத்துக் கட்டளைகளுக்குப் போனார், பைபிளில் உள்ள ஏசாயாவின் புத்தகத்துக்குப் போனார், யூதரல்லாத பாரசீக அரசர் கோரேசு ராஜாவைக் கர்த்தர் தம் காரியத்துக்குப் பயன்படுத்தியதைச் சொன்னார். சின்சினாட்டியில் ஜெசூட் பள்ளியில் படித்தவர் ஆதலால் வசனங்கள் சரளமாக வந்தன. வேடிக்கை என்னவென்றால், டிரம்பை ஆதரிக்கும் பிரசங்கிகள் 2016-இலிருந்தே அதே கோரேசை அவருக்காகச் சொல்லி வருகிறார்கள். ராமசாமியின் பத்து உண்மைகள் என்ற பட்டியலில் முதல் வரி, கடவுள் மெய்யானவர் என்பது. எந்தக் கடவுள் என்று அந்த வரி சொல்லாமல் விட்டது தற்செயலாக இருக்க முடியாது. அப்படியும் நெப்ராஸ்காவில் ஒரு போதகர், இவருடைய அந்நிய தெய்வங்களை வெள்ளை மாளிகையில் வைக்க விடுவீர்களா என்று சபையைக் கேட்டார்.

தன் மதத்தைத் தன் சொற்களில் சொல்ல அவரால் முடியவில்லை; கேட்பவரின் வேதத்திலிருந்து அதற்கு அத்தாட்சி காட்ட வேண்டியிருந்தது. இளமையிலேயே கத்தோலிக்கராக மாறிய பாபி ஜிண்டலும், மெதடிஸ்டாக மாறிய சீக்கியப் பெற்றோரின் மகள் நிக்கி ஹேலியும் தென் மாநிலங்களில் ஆளுநரானவர்கள். அவர்கள் எதற்காக மாறினார்கள் என்பது அவரவர் மனசாட்சி. அதில் நான் நுழைய மாட்டேன். ஆனால் மாறாதவர் ஒவ்வொரு கூட்டத்திலும் கட்ட வேண்டியிருந்த வரியை அவர்கள் கட்ட வேண்டியிருக்கவில்லை.

கேட்பது நியாயமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்தப் பதவிக்கும் மதச் சோதனை கூடாது என்று அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஆறாவது பிரிவு சொல்வது அரசைக் கட்டுப்படுத்துகிறது. வாக்காளரை அது கட்டுப்படுத்தாது. அந்த அளவில் உங்கள் அயோவா நண்பர் சொல்வது சரி. ஆனால் எந்தக் கேள்வி என்பது முக்கியம். 1960-இல் கத்தோலிக்கரான கென்னடியிடம் கேட்கப்பட்டது, உங்கள் திருச்சபை உங்களை ஆட்டிவைக்குமா என்பது. புராட்டஸ்டண்டுகள் நிறைந்த மேற்கு வர்ஜீனியாவில் மே மாதம் நடந்த பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவில்) 60 சதவீதத்துக்கு மேல் பெற்று, தன் கட்சிப் போட்டியாளர் ஹம்ஃப்ரியைப் போட்டியிலிருந்தே வெளியேற்றிய பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. செப்டம்பரில் ஹூஸ்டனில் போதகர்கள் முன்னிலையில், மனசாட்சிக்கும் நாட்டு நலனுக்கும் இடையில் மோதல் வந்தால் பதவி விலகுவேன் என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. அது ஆட்சி எப்படி நடக்கும் என்பதைப் பற்றிய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முடியும். 2007 டிசம்பரில் டெக்சஸில் ராம்னி ஆற்றிய உரை வேறு திசையில் போனது. மதத்தை வெளியே நிறுத்துங்கள் என்று கென்னடி கேட்டார். நம்பிக்கையுள்ளவர்களின் வட்டத்துக்குள் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ராம்னி கேட்டார். டி மாய்னில் ராமசாமி கேட்டதும் அதுவே. வேட்பாளரின் பக்தி ஆட்சியில் குறுக்கிடுமோ என்ற கவலை போய், அவரிடம் போதுமான பக்தி இருக்கிறதா என்ற விசாரணை வந்திருக்கிறது. அதனால்தான் நாத்திகருக்கு வாக்களிப்போம் என்பவர்கள் 2020-இல் காலப் நிறுவனத்தின் கணக்கெடுப்பில்கூட 60 சதவீதம் அளவில்தான் இருந்தார்கள். கத்தோலிக்கருக்கோ 95 சதவீதம். இந்த இரண்டாவது வகைக் கேள்வியைக் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதாலேயே அது நல்ல கேள்வியாகிவிடாது என்பது என் கருத்து. அதற்கு நேர்மையான பதில் கிடைப்பது அரிது. நல்ல நடிப்புதான் கிடைக்கும்.

நியூ ஹாம்ஷயரை வைத்து எதையும் நிரூபிக்க முயல வேண்டாம் என்று உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள். கட்சி சாராதவர்களும் வாக்களிக்கக்கூடிய, சர்ச்சுக்குப் போவோர் நாட்டிலேயே குறைவாக உள்ள மாநிலங்களில் ஒன்று அது. ஹேலி அங்கே 43 சதவீதம் வாங்கியதற்கு அதுவே பாதி விளக்கம். 2024 பிப்ரவரி 24 அன்று தென் கரோலினாவில் வரும் முடிவில் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு எவாஞ்சலிக்கல்கள் எப்படிப் பிரிந்தார்கள் என்று பாருங்கள். அவர்கள் பெரும்பான்மையாக உள்ள மாநிலம் அது; ஹேலி அவர்களுடைய முன்னாள் ஆளுநர், கிறிஸ்தவராக மாறியவர். அவர்களிடம் அவர் பெருவாரியாகத் தோற்றால், ராமசாமியைப் பற்றிய உங்கள் நண்பரின் வாதத்தில் மிச்சமிருப்பதும் போய்விடும்.

உங்கள் மாநிலத்தின் பிரைமரி 2024 ஜூன் 4 அன்று. அதற்குள் வேட்பாளர் யார் என்பது அநேகமாக முடிவாகியிருக்கும். எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவராக இருந்தால் நியூ ஜெர்சியில் அன்று வாக்குச்சாவடியிலேயே கட்சியைச் சொல்லி வாக்களிக்கலாம். அதே சீட்டில் நாடாளுமன்றத்துக்கும் உள்ளூர்ப் பதவிகளுக்குமான போட்டிகளும் இருக்கும். அவற்றில் நிற்பவர்கள் எந்தக் கோவிலுக்குப் போகிறார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அன்புடன்.