முடக்குவாத மருந்துகளை எத்தனை வருடம் சாப்பிடலாம்? நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் 27 வருடம் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிப் பல வருடங்கள் மூட்டுநோய்ப் பிரிவில் கழிந்தன. போன வாரம் கேள்வி அனுப்பச் சொன்னேன், குவிந்துவிட்டன. முக்கால்வாசிக் கேள்விகளின் அடியில் இருப்பது ஒரே பயம்தான்: இவ்வளவு காலம் சாப்பிட்டால் உடம்பு தாங்குமா? நியாயமான பயம். ஆனால் முடக்குவாதத்தை மருந்தில்லாமல் விட்டாலும் அதற்கென்று பக்கவிளைவுகள் உண்டு. விரல் கோணுவது கண்ணுக்குத் தெரியும்; இருதயமும் நுரையீரலும் கெடுவது தெரியாது. இரண்டையும் தராசில் வைத்துத்தான் பேச வேண்டும்.

இன்னொன்று. வயதாகி முழங்கால் தேய்ந்த வலிக்கு இந்த மருந்துகள் இல்லை. நம் நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குவதுதான் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்).

யீஷூன் வாசகி, 52: அக்கா, ஆறு வருஷமாக வாரம் 15 மில்லிகிராம் மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறேன். "அது புற்றுநோய் மருந்து, கல்லீரலைத் தின்றுவிடும்" என்று தங்கச்சி பயமுறுத்துகிறாள். நிறுத்திவிடவா?

தங்கச்சி சொன்னதில் பாதி சரி. 1940களில் இந்த வகை மருந்துகள் ரத்தப் புற்றுநோய்க்காகத்தான் வந்தன. ஆனால் அங்கே கொடுக்கும் அளவோடு பார்த்தால் உங்களுடையது மிகச் சிறியது. 1988இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி கிடைத்தது. இத்தனை புது மருந்துகள் வந்த பிறகும் மருத்துவர்கள் முதலில் எழுதுவது இதைத்தான். 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், மெத்தோட்ரெக்ஸேட் எடுத்த நோயாளிகளிடையே இறப்பு குறைவாக இருந்தது, குறிப்பாக இருதய நோயால் வரும் இறப்பு. நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு அது, மருந்தைக் குலுக்கிப் போட்டுக் கொடுத்த சோதனை இல்லை. அதனால் அதை வைத்து மருந்து ஆயுளைக் கூட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நீண்டகாலம் எடுப்பவர்கள் அதனாலேயே சாகிறார்கள் என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை என்று மட்டும் சொல்வேன்.

கல்லீரல் என்சைம் சிலருக்கு ஏறும். குடி, உடல் பருமன், நீரிழிவு, ஹெப்படைட்டிஸ் பி இருந்தால் அதிகம் ஏறும். அதற்காகத்தான் ஆரம்பத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறையும், நிலையான பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் எடுக்கிறார்கள். ஏறினால் அளவைக் குறைப்பார்கள், பெரும்பாலும் இறங்கிவிடும். மருந்தைப் பார்த்துப் பயப்படுவதை விட, ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துப் பயப்படுங்கள்.

புதிதாக வறட்டு இருமலும் மூச்சு வாங்குவதும் வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். அரிதுதான், ஆனால் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம்.

அங் மோ கியோ வாசகர்: என் அம்மாவுக்கு 71. பணிப்பெண்தான் மாத்திரைகளைப் பெட்டியில் அடுக்கி வைக்கிறார். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவிடப் போகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பாட்டியை அவர் மகன் கூட்டி வந்தார். வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. கைப்பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்தேன். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறை. ஏழிலும் நான்கு நான்கு சின்ன மஞ்சள் மாத்திரை. வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டை ஒன்பது நாளாகத் தினமும் போட்டிருந்தார்கள். வெள்ளை அணுக்கள் தரைமட்டத்துக்கு வந்திருந்தன. அதை முறிக்கும் ஃபோலினிக் அமிலம் ஏற்றி, இரண்டு வாரம் படுக்கையில் வைத்துக் காப்பாற்றினார்கள். பணிப்பெண்ணைத் திட்டிப் பயனில்லை. அந்தப் பெண்ணிடம் யாரும் விளக்கமாகச் சொல்லியிருக்கவில்லை. பக்கவிளைவைக் குறைக்க இதோடு கொடுக்கும் ஃபோலிக் அமிலமும் பல நிறுவனங்களின் தயாரிப்பில் அதே சின்ன மஞ்சள் மாத்திரைதான், இரண்டும் மாறிப்போயிருந்தன.

அதனால், தம்பி, மெத்தோட்ரெக்ஸேட் அந்தப் பெட்டிக்குள் போகவே வேண்டாம். தனி உறையில், தனி இடத்தில் இருக்கட்டும். கிழமையை முழுசாக எழுதி ஒட்டுங்கள், பணிப்பெண்ணுக்குத் தெரிந்த மொழியிலும் எழுதுங்கள். எந்தக் கிழமை என்பது உங்கள் விருப்பம். என்னிடம் வந்த ஒரு மாமி சனிக்கிழமையை வைத்துக்கொண்டார்: "எண்ணெய் தேய்க்கிற நாள், மறக்காது." கிழமை மறந்தால் ஓரிரு நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம். அதைத் தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். ஈடுகட்ட இரட்டிப்பாகப் போடக் கூடாது.

அப்புறம், சிறுநீர்த் தொற்று என்று புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்குக்குப் போனால் அம்மா மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பாக்ட்ரிம் போன்ற, ட்ரைமெத்தோப்ரிம் கலந்த ஆன்டிபயாட்டிக்கும் இதுவும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும்.

செங்காங் வாசகர்: மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறேன். வாரக் கடைசியில் ரெண்டு பியர்?

2017இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் வாரம் 14 யூனிட்டுக்குள் (மது அளவைக் கணக்கிடும் பிரிட்டிஷ் முறை) மெத்தோட்ரெக்ஸேட்டோடு குடித்தவர்களுக்குக் கல்லீரல் என்சைம் ஏறும் ஆபத்து கூடவில்லை. ஆக, ரெண்டு பியர் என்பது ரெண்டாகவே நின்றால் பரவாயில்லை. உங்கள் கல்லீரல் பரிசோதனை சரியாக இருக்க வேண்டும், மருத்துவரிடம் உண்மையான கணக்கைச் சொல்லியிருக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ் வாசகி: என் எடை 48 கிலோ. 12 வருஷமாக ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தினம் 400 மில்லிகிராம். கண் பரிசோதனை ஒரே ஒருமுறை, ஆரம்பத்தில். கண் நன்றாகத்தான் தெரிகிறது.

அம்மா, அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் இந்த வாரமே போன் செய்யுங்கள். தினம், உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது 2016 முதல் கண் மருத்துவர்களின் பரிந்துரை. உங்களுக்கு அது 240. நீங்கள் எடுப்பது கிலோவுக்கு 8க்கும் மேல்.

சரியான அளவில் எடுப்பவர்களுக்கு முதல் 10 வருடத்தில் விழித்திரை பாதிப்பு 100இல் 2 பேருக்கும் குறைவு. 20 வருடத்தில் அது ஏறக்குறைய 100இல் 20 ஆகிறது. அளவு கூடினால் இந்தக் கணக்கும் கூடும். ஐந்து வருடம் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரை ஸ்கேனும் பார்வைப் பரப்புச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்கள் அதற்கு முன்பே தொடங்க வேண்டும். ஆசியர்கள் பலருக்கு, முக்கியமாகக் கிழக்காசியர்களுக்கு, பாதிப்பு விழித்திரையின் மையத்தில் தொடங்காமல் சற்று வெளியே தொடங்குகிறது. பரிசோதனை அந்த வெளிவட்டத்தையும் பார்க்கிறதா என்று கேளுங்கள். "நன்றாகத் தெரிகிறது" என்பதை நம்பாதீர்கள். தெரியாமல் போகும்போது போனது திரும்பாது.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: சல்ஃபாசலஸின் ஆரம்பித்ததிலிருந்து சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது.

மருந்தின் நிறம்தான், கவலை வேண்டாம். ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் என்சைம்) குறைபாடு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இங்கே பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதைப் பிறந்தவுடனே பார்த்திருப்பார்கள்.

பொங்கோல் வாசகி, 44: இரண்டு வருஷமாக வலியே இல்லை. மருந்தை விட்டுப் பார்க்கலாமா?

எல்லோருக்கும் உள்ள ஆசை. நார்வேயில் நடந்து 2021இல் வெளியான ஒரு சோதனையில், நோய் முழுக்க அடங்கியவர்களில் ஒரு பாதிப்பேருக்கு மாத்திரையைப் பாதி அளவாக்கினார்கள். ஒரு வருடத்தில் அவர்களில் 25 சதவீதத்தினருக்கு நோய் திரும்ப எழுந்தது. முழு அளவைத் தொடர்ந்தவர்களில் 6 சதவீதம். இதை எப்படியும் படிக்கலாம்: முக்கால்வாசிப் பேர் பாதி அளவில் தப்பித்தார்கள் என்றும் சொல்லலாம். நெதர்லாந்தில் 508 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்த பெஸ்ட் ஆய்வில், கடைசிவரை வந்தவர்களில் பாதிக்குச் சற்று மேல் நோய் அடங்கிய நிலையில் இருந்தார்கள். மருந்தே இல்லாமல் அடங்கியிருந்தவர்கள் 14 சதவீதம்.

ஆக, குறைக்கலாம், மருத்துவரோடு சேர்ந்து, மெதுவாக. ஒரேயடியாக நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து வீங்கிய கையோடு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் முறை அடங்க நோய் கொஞ்சம் பிகு பண்ணும்.

தெம்பனிஸ் வாசகர்: ஜொகூரில் ஒரு கடையில் மூலிகை மாத்திரை வாங்கினேன். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது! இதைவிட நல்ல மருந்து உண்டா?

மூன்றே நாள் என்பதுதான் எனக்கு உதைக்கிறது. எந்த மூலிகையும் முடக்குவாதத்தை மூன்று நாளில் அடக்காது. அடக்குவது ஸ்டீராய்டு. இப்படி வெளியூர்க் கடைகளிலும் இணையத்திலும் வாங்கிய வலி மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் இங்கே திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். சில மாதம் சாப்பிட்டுவிட்டு டக்கென்று நிறுத்தினால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும், மயங்கி விழுவீர்கள். எனவே, ஐயா, நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்டீராய்டு மேல் எனக்குக் கோபம் இல்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் ஃபிலிப் ஹென்ச் கார்ட்டிசோன் கொடுத்தபோது படுக்கையில் கிடந்த பெண்மணி எழுந்து நடந்தார், 1950இல் நோபல் பரிசே வந்தது. விலை எவ்வளவு என்பது அப்புறம்தான் தெரிந்தது. இன்று அதைப் பாலம் மாதிரி பயன்படுத்துகிறார்கள்: மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை சில வாரம், அப்புறம் படிப்படியாக இறக்கம்.

பிடோக் வாசகி, 58: மாத்திரை போதவில்லை, ஊசிக்கு மாறலாம் என்கிறார் டாக்டர். காசநோய் வரும், புற்றுநோய் வரும் என்று படித்தேன். விலையும் பயமாக இருக்கிறது.

காசநோய் பயம் உண்மையானது. அடாலிமுமாப் போன்ற ஊசிகள் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கின்றன. லண்டனில் இந்த வழியைக் கண்டவர்களில் ஒருவர் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனி. நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சிறை வைத்திருப்பதும் அதே டிஎன்எஃப்தான். நம்மில் வயதானவர்கள் பலர் சின்ன வயதில் இங்கேயோ ஊரிலோ அந்தக் கிருமியைச் சந்தித்தவர்கள். அதனால் ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். கிருமி உறங்குகிறது என்று தெரிந்தால் முதலில் அதற்குச் சில மாத மாத்திரை. ஹெப்படைட்டிஸ் பியும் பார்ப்பார்கள்.

புற்றுநோய் பற்றிக் கொஞ்சம் ஆறுதல் சொல்லலாம். பிரிட்டனில் 2001 முதல் நடக்கும் நோயாளிப் பதிவேட்டில், டிஎன்எஃப் ஊசி போட்டவர்களுக்கு உறுப்புகளில் வரும் புற்றுநோய் மற்றவர்களைவிட மொத்தத்தில் கூடவில்லை.

விலைக்கு இரண்டு வழி. ஒன்று, பயோசிமிலர் என்ற இணை மருந்து உண்டா, உங்களுக்கு மானியம் உண்டா என்று கேளுங்கள். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் முடக்குவாதமும் இருக்கிறது. இரண்டாவது வழியை யாரும் விளம்பரம் செய்ய மாட்டார்கள்: மெத்தோட்ரெக்ஸேட், சல்ஃபாசலஸின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது. 2013இல் வந்த ஒரு சோதனையில் இந்த மலிவான மூன்றும், எட்டனர்செப்ட் என்ற டிஎன்எஃப் ஊசியோடு மெத்தோட்ரெக்ஸேட் சேர்ந்ததற்குக் குறைந்ததாக இல்லை. மாத்திரை எண்ணிக்கைதான் அதிகம். உங்களுக்கு மூன்றையும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

குவீன்ஸ்டவுன் வாசகர், 66, பைபாஸ் ஆனவர்: ஊசி பயம். டோஃபாசிட்டினிப் மாத்திரை கேட்கலாமா?

உங்களுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. 50 வயது தாண்டி, இருதய ஆபத்துக் காரணி ஒன்றாவது உள்ள 4,362 பேரிடம் நடந்த சோதனை 2022இல் வெளியானது. சுமார் நான்கு வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை டோஃபாசிட்டினிப் எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு 34 பேருக்கு வந்தன, டிஎன்எஃப் ஊசிக்காரர்களில் 25. புற்றுநோய் 42, எதிரே 29. இளவயதில், இருதயம் நன்றாக உள்ளவருக்கு இந்தக் கணக்கு வேறு. டோஃபாசிட்டினிப் வகை மாத்திரைகளால் அக்கியும் அதிகம் வருகிறது. தொடங்குவதற்கு முன் அக்கித் தடுப்பூசி போட முடியுமா என்று கேட்க வேண்டும்.

சுவா சூ காங் வாசகி, 29: கல்யாணம் ஆகி ஒரு வருஷம். குழந்தை வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட்டில் இருக்கிறேன்.

அது கருவைக் கெடுக்கும். பொதுவாக மூன்று மாதம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அதுவரை கருத்தடை அவசியம். லெஃப்ளுனோமைட் என்ற இன்னொரு முடக்குவாத மாத்திரை என்றால் உடம்பை விட்டுப் போக நெடுநாள் ஆகும், கழுவி வெளியேற்றத் தனி மருந்து உண்டு. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சல்ஃபாசலஸினும் கர்ப்பத்தில் தொடரலாம். மாமியாரிடம் சொல்வதற்கு முன் மூட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள், திட்டம் போட ஆறு மாதமாவது வேண்டும்.

ஹவ்காங் வாசகர்: மே மாதம் சென்னைக்குப் போகிறோம். மனைவியின் அடாலிமுமாப் ஊசிப் பேனாவை எப்படி எடுத்துப் போவது?

கைப்பையில், குளிர்ப்பையோடு, மருத்துவர் கடிதத்தோடு. பெட்டியில் போட்டுச் சரக்கு அறைக்கு அனுப்பினால் உறைந்துவிடலாம். உறைந்தது கரைந்தாலும் குப்பைதான். ஐஸ் கட்டி பேனாவை நேராகத் தொடக் கூடாது, நடுவே ஒரு துண்டைச் சுற்றுங்கள். இறங்கியதும் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள், உறைபெட்டிக்கு ஒட்டி வேண்டாம். வெளியே வைப்பதற்கு 25 டிகிரி வரை என்று ஒரு கணக்கு இருக்கிறது, ஆனால் மே மாதச் சென்னையில் அந்த 25 ஏசி இல்லாத எந்த அறையிலும் கிடைக்காது. போடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வைத்தால் குத்தும்போது எரிச்சல் குறையும். அங்கே போய் மூன்றாம் நாள் போட வேண்டியது என்றால், புறப்படும் முன் இங்கேயே போட்டுவிட்டுப் போக முடியுமா என்று தாதியிடம் கேட்டுப் பாருங்கள். பேனாவைச் சுமக்கும் வேலையே இருக்காது.