அந்தக் கோரிக்கைக் கடிதத்தை அனுப்ப வேண்டாம்

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவன், வயது 58. கட்டாரில் 22 வருடம் இயந்திரப் பராமரிப்பு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். என் தம்பி டெக்சஸில் அமெரிக்கக் குடிமகனாக இருக்கிறான். சின்ன வயதிலிருந்தே எங்கள் இருவருக்கும் விமானம் என்றால் பைத்தியம். 2021இல் இருவர் அமரும் சிறு விமானத்தின் கிட் (நாமே பொருத்திக் கட்டும் பாகங்களின் தொகுதி) ஒன்றை அவன் பெயரில் வாங்கினோம். நான் வங்கி மூலம் 18,500 டொலரும் உண்டியல் மூலம் 4,000 டொலர் அளவிலும் அனுப்பினேன். விசிட் விசாவில் இரண்டு தடவை போய், மொத்தம் பத்து மாதம் அவனுடைய கராஜில் நின்று இறக்கைகளையும் வாலையும் என் கையால் ரிவெட் அடித்தேன். பெனலையும் (கருவிப் பலகை) எரிபொருள் குழாய்களையும் எனக்குச் சரியென்று பட்டபடி மாற்றிக் கட்டினோம். இப்போது தம்பி அதை 'லைட் ஸ்போர்ட்' (இலகு விளையாட்டு விமானம்) வகையில், தன் பெயரில் மட்டும் பதியப் போவதாகச் சொல்கிறான். 'அமெச்சூர் பில்ட்' (பொழுதுபோக்காகத் தாமே கட்டியது) வகையில் இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்கிறேன் நான். அம்மாவின் அந்தியேட்டிக்குக்கூட வராதவன் அவன். எனது பாதிப் பங்குக்கும் பத்து மாதக் கூலிக்கும் கோரிக்கைக் கடிதம் தயாராக வைத்திருக்கிறேன். விமானத்தில் பாதி எனக்கு என்று தம்பி ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கை ஒன்றையும் இங்குள்ள நொத்தாரிசு ஒருவர் வரைந்து தந்திருக்கிறார். எந்த வகையில் பதிவது சரி? பின்னர் விமானத்தை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து பாசிக்குடாவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பறக்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியது ஒன்பது பக்கம். மேலே தந்திருப்பது அதன் சுருக்கம். அதில் சட்டத்துக்கு வேண்டியது ஏழாம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரே ஒரு வரிதான்: நீங்கள் இலங்கைக் குடிமகன், அமெரிக்காவில் நிரந்தர வதிவிட உரிமை இல்லாதவர்.

அந்தியேட்டிக்கு வராதது, தொலைபேசியை எடுக்காதது, அண்ணியிடம் உங்களைப் பற்றிச் சொன்னது எல்லாம் உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் இவற்றில் ஒன்றுகூட ஒரு நீதிமன்றத்திலும் பத்து சதம் பெறாது. அதனால் அவற்றை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

ஒரு விமானம் அமெரிக்கப் பதிவேட்டில் ஏற வேண்டுமென்றால் அதன் உரிமையாளர் அமெரிக்கக் குடிமகனாகவோ சட்டப்படி நிரந்தர வதிவிடம் பெற்றவராகவோ இருக்க வேண்டும், அல்லது அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் நிறுவன வகைகளுக்குள் வர வேண்டும். இரண்டு உரிமையாளர் என்றால் இரண்டு பேருக்கும் அந்தத் தகுதி வேண்டும். உங்கள் பெயர் உரிமையாளராகச் சேர்ந்தால் தம்பியின் தகுதியால் அதைக் காப்பாற்ற முடியாது, முழு விமானமும் பதிவுத் தகுதியை இழக்கும். ஆகவே எந்த வகையில் பதிந்தாலும் பெயர் அவருடையதாகத்தான் இருக்கும். இதில் தம்பி உங்களை ஏமாற்றவில்லை. அவரிடம் உள்ள குறை, இதை அவர் உங்களுக்குப் பொறுமையாக விளக்காததுதான்.

வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தம்பி சொல்லும் பரீட்சார்த்த லைட் ஸ்போர்ட் வழியில் யார் எவ்வளவு கட்டினார் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் கிட் உற்பத்தியாளரின் கைநூலில் உள்ளபடி அச்சொட்டாகக் கட்டியிருக்க வேண்டும். சான்றிதழ் கையில் வந்த பிறகு மாற்றலாம், அதற்கு முன் மாற்றக் கூடாது. நீங்கள் பெனலையும் எரிபொருள் குழாயையும் மாற்றியதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாற்றங்களைக் கழற்றிக் கைநூற்படி திரும்பக் கட்டினால் ஒழிய அந்த வழி அடைபட்டுவிட்டது. தம்பி ஒருவேளை ஸ்போர்ட் பைலட் என்ற எளிய விமானி உரிமத்துடன் பறக்கலாம் என்பதற்காக இந்த வகையைப் பிடித்துக்கொண்டிருந்தால், அதுவும் தேவையில்லை. விமானியின் உரிமம் வேறு, விமானத்தின் சான்றிதழ் வகை வேறு. வேகம் போன்ற எல்லைகளுக்குள் நிற்கும் அமெச்சூர் விமானத்தையும் அந்த உரிமத்தில் ஓட்டலாம். 2025 ஒக்டோபரில் அந்த எல்லைகளும் நன்றாக விரிந்துவிட்டன.

மிஞ்சுவது நீங்கள் கேட்கும் அமெச்சூர் வழிதான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் பையில் இருக்கும் கடிதம் அந்த வழியையே இடித்துவிடும்.

அமெச்சூர் வகைக்கு ஒரு அடிப்படை நிபந்தனை உண்டு. விமானத்தின் பெரும்பகுதியை, அதாவது பேச்சு வழக்கில் 51 சதவீதத்தை, தங்கள் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் அந்த வேலையில் இறங்கியவர்கள் செய்திருக்க வேண்டும். இதை மணிக்கணக்கில் அளப்பதில்லை, எந்தெந்த வேலைகளை யார் செய்தார் என்று பட்டியலிட்டுப் பார்க்கிறார்கள். செய்தவர்கள் ஒருவராகவும் இருக்கலாம், பலராகவும் இருக்கலாம். அவர்கள் அமெரிக்கர்களாக இருக்க வேண்டியதில்லை. ஆசைக்கு உதவிய அண்ணனின் ரிவெட் அந்தக் கணக்கில் சேரும். கூலி வாங்கியவரின் ரிவெட் சேராது.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசியுங்கள். "பத்து மாதம் செய்த வேலைக்குரிய கூலி" என்று எழுதியிருக்கிறீர்கள். இறக்கைகளும் வாலும் கூலி வேலை என்று நீங்களே கையெழுத்து வைத்துச் சொன்னால், அந்தப் பகுதிகள் கணக்கிலிருந்து கழன்றுவிடும். தம்பி தனியாகச் செய்தது பெரும்பகுதி ஆகுமா என்பது பெரிய சந்தேகம். அப்படியானால் அமெச்சூர் சான்றிதழ் கிடையாது. லைட் ஸ்போர்ட் வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. கராஜில் நிற்பது பறக்க முடியாத அலுமினியம் ஆகிவிடும், நீங்கள் பாதி கேட்பதும் அதிலேதான். போதாததற்கு, விசிட் விசாவில் போய்க் கூலிக்கு வேலை செய்ததாகவும் அதே கடிதம் சொல்கிறது. பேரப்பிள்ளைகளைப் பார்க்க என்றாவது நீங்கள் திரும்ப விசா கேட்க வேண்டி வரலாம்.

பாசிக்குடா யோசனையும் அப்படியே. இரண்டு வகையிலும் கிடைப்பது பரீட்சார்த்தச் சான்றிதழ்தான், அது உள்ள விமானத்தில் பணம் வாங்கி ஆளை ஏற்ற முடியாது. அதைவிட, "சுற்றுலாப் பயணிகளை ஏற்றலாம்" என்று கட்டும் காலத்திலேயே தம்பிக்கு எழுதியிருந்தால், பொழுதுபோக்குக்காக மட்டும் கட்டினோம் என்று அவர் கொடுக்க வேண்டிய கூற்றுக்கு எதிராக அது நிற்கும். பொய்க்கூற்று கொடுப்பது அங்கே ஐந்து வருடம் வரை சிறைக்குரிய கூட்டாட்சிக் குற்றம்.

இனி நொத்தாரிசு வரைந்த உடன்படிக்கை. எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். இந்த மாதிரி மறைமுக உடன்படிக்கைகளை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். அரச உத்தியோகத்தருக்குத் தீர்வைச் சலுகையில் கிடைத்துவந்த வாகனப் பெர்மிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காசு ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. குறித்த வருடங்களுக்கு மாற்ற முடியாது என்பதால் இடையில் ஒரு உடன்படிக்கை. என்னிடம் வந்த ஒருவர், சண்டை முற்றியதும் அந்த உடன்படிக்கையை வழக்கில் சான்றாக வைக்கச் சொல்லி அடம்பிடித்தார். வேண்டாம் என்றேன். வேறு சட்டத்தரணியிடம் போய் வைத்தார். அவர் வாகனத்தைப் பெறவில்லை. சலுகை விதியை இருவரும் சேர்ந்து மீறினார்கள் என்பதற்கு அவருடைய கையெழுத்துத்தான் முதல் சாட்சியாக நின்றது.

நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவை உங்கள் நொத்தாரிசு சுட்டிக்காட்டியிருப்பார். ஒருவர் காசு கொடுத்து இன்னொருவர் பெயரில் ஆதனம் வாங்கினால், பெயருக்குரியவர் காசு கொடுத்தவருக்காகவே அதை வைத்திருப்பதாகக் கொள்ளும் பிரிவு அது. ஊரில் ஒரு வளவுக்கு அது பெறுமதியான பிரிவு. இங்கே அதைத் தூக்கினால், "பதிவேட்டில் சொன்ன உரிமையாளர் உண்மையான உரிமையாளர் அல்ல, தகுதியில்லாத வெளிநாட்டவர் ஒருவர் பின்னால் இருக்கிறார்" என்று நீங்களே நிரூபித்துக் கொடுக்கிறீர்கள். தெரிந்துகொண்டு உண்மையை மறைத்து விமானப் பதிவு பெறுவது அமெரிக்காவில் மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். அந்த உடன்படிக்கையில் தம்பி கையெழுத்து வைத்துவிட்டுப் பதிவுக்கும் விண்ணப்பித்தால், அவரை அந்தக் குற்றத்துக்குள் தள்ளிவிடுவது நீங்கள்தான். கோபம் எவ்வளவு இருந்தாலும் நீங்கள் விரும்புவது அதுவல்ல என்று நினைக்கிறேன்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். பங்கைக் கைவிட்டு, காசைப் பிடியுங்கள்.

வங்கி வழியே போன 18,500 டொலரைத் தம்பிக்குக் கொடுத்த கடன் என்று இருவரும் ஒப்புக்கொண்டு, அவர் உங்களுக்கு ஒரு வாக்குறுதிச் சீட்டு எழுதித் தரட்டும். அதில் 'பாதி', 'பங்கு', 'விற்றால் வரும் இலாபம்' என்ற சொற்கள் ஒன்றும் வரக்கூடாது. தொகை, தவணை, திகதி, கையெழுத்து போதும். இரகசியப் பங்குக்கு வேறு பெயர் வைக்கும் காரியமாக இது இருக்கக் கூடாது. உண்மையிலேயே நீங்கள் பங்கை விட வேண்டும், அவர் உண்மையிலேயே கடனைக் கட்ட வேண்டும். உண்டியலில் போன 4,000க்குத் துண்டு இல்லை. தம்பி தானாக ஒப்புக்கொண்டால் சேருங்கள், இல்லாவிட்டால் அதற்காகப் பேச்சை முறிக்காதீர்கள்.

கடனுக்குப் பிணையாக விமானத்தையே வைக்கலாம். அமெரிக்க விமானப் பதிவேடு ஒக்லஹோமா சிட்டியில் இருக்கிறது. உரிமையாளர்தான் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும், கடன் கொடுத்தவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். தம்பி எழுதித் தரும் பிணை ஒப்பந்தத்தை அங்கே பதிந்தால், உங்கள் கடன் அந்த விமானத்தின் கோப்பில் ஏறிவிடும். அதற்குப் பிறகு உங்களுக்குத் தெரியாமல் விற்பது அவருக்குச் சுலபமாக இராது. கோப்பில் உங்கள் பெயர் வர வேண்டும் என்ற ஆசைக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் நேரான வாசல் இதுதான். இதற்கு டெக்சஸில் ஒரு சட்டத்தரணிக்கு ஓரிரு மணிநேரக் கட்டணம் கொடுக்க வேண்டி வரும். கொடுங்கள்.

கட்டியவர் என்ற பெருமையையும் நீங்கள் இழக்க வேண்டியதில்லை. கட்டும்போது எழுதிவரும் வேலைப் பதிவேட்டில் நீங்கள் செய்த ஒவ்வொரு வேலையும் உங்கள் பெயரோடு, படங்களோடு இருக்க வேண்டும். பரிசோதகர் வரும்போது விமானத்தைக் காப்பாற்றப் போவதே அந்தப் பக்கங்கள்தான். உங்கள் பெயரை அதில் தம்பி அழித்திருந்தால் திரும்ப எழுதச் சொல்லுங்கள், அது அவருக்கும் நல்லது. ஒன்று மட்டும் கிடைக்காது: வருடாந்தப் பரிசோதனையைச் செய்வதற்கான பழுதுபார்ப்பாளர் சான்றிதழ். அது முதன்மையாகக் கட்டியவர் ஒருவருக்கு மட்டும் உரியது, அவரும் அமெரிக்கக் குடிமகனாக அல்லது நிரந்தர வதிவாளராக இருக்க வேண்டும். வேலைப் பதிவேட்டின்படி முதன்மையானவர் நீங்கள் என்று வந்தால் தம்பிக்கும் அது கிடைக்காமல் போகலாம். பரவாயில்லை, ஒவ்வொரு பன்னிரண்டு மாதமும் உரிமமுள்ள மெக்கானிக் ஒருவருக்குக் காசு கொடுத்தால் சரி. அதற்காக வேலைப் பதிவேட்டைத் திருத்த இருவரில் ஒருவரும் நினைக்கக் கூடாது.

மட்டக்களப்புக்குக் கொண்டுவரும் எண்ணத்தை விடுங்கள். 1944 சிக்காகோ சமவாயத்தின்படி ஒரு நாட்டின் விமானத்தகைமைச் (பறக்கத் தகுதியானது என்ற) சான்றிதழை மற்ற நாடுகள் ஏற்பது, அது சர்வதேசக் குறைந்தபட்சத் தரத்தைத் தொட்டால் மட்டுமே. பரீட்சார்த்தச் சான்றிதழ் அந்தத் தரத்துக்குரியதல்ல, எல்லை தாண்டினால் அதற்கு வலு இல்லை. ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் பதிவாக முடியாது என்பதால், அங்கே பதிவை நீக்கிய பிறகு 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானச் சேவைச் சட்டத்தின் கீழ் இங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுங்கம் அதற்கு மேலே. கல்லடிப் பாலத்துக்கு மேலால் பறக்கும் கனவை நீங்கள் எழுதியிருந்த விதம் என் மனதைத் தொட்டது. ஆனாலும் இந்த விமானத்தில் அது நடக்காது.

கடைசியாக, காலம். எழுத்தில்லாத உடன்பாட்டுக்கு நம் சட்டத்தில் மூன்று வருடம், எழுத்திலுள்ளதற்கு ஆறு வருடம். 2021இல் வாய்ப்பேச்சில் தொடங்கிய காசு இது, தம்பியும் அங்கே இருக்கிறார். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்து வென்றாலும் அந்தத் தீர்ப்பை டெக்சஸில் நிறைவேற்றுவது தனி வழக்கு. புதிதாக, எழுத்தில், கையெழுத்தோடு அவர் கடனை ஒப்புக்கொள்வது உங்களுக்கு எந்த வழக்கையும்விடப் பெறுமதியானது. அதை அவர் செய்வது உங்கள் மேல் கோபம் இல்லாதவரைதான். பதிவு விண்ணப்பம் போவதற்கு முன், இந்தக் கிழமைக்குள் அவரோடு பேசுங்கள். நொத்தாரிசின் உடன்படிக்கையில் நீங்கள் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்றால் வைக்காதீர்கள். வைத்திருந்தால் அதைக் கிழிக்கவும் வேண்டாம், தம்பிக்கு அனுப்பவும் வேண்டாம், என்னிடம் கொண்டுவாருங்கள்.