தனியாக வயரிங் செய்பவருக்கு வேலை எங்கிருந்து வரும்?

கேள்வி: ஆரையம்பதியிலிருந்து எழுதுகிறேன். வயரிங்கில் என்.வி.கியூ 4 (தேசியத் தொழிற்தகைமை நான்காம் மட்டம்) முடித்து, இரண்டு வருடமாகத் தனியாக வேலை செய்கிறேன். மாரி தொடங்கினால் கையில் வேலை இல்லை. கார்ட் அடித்து ஹார்ட்வெயார் கடைகளில் கொடுத்தேன், ஐந்தாறு வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்தேன். ஓர் அழைப்பும் இல்லை. தொழிலில் ஆட்களைப் பழக்கம் பிடிப்பது எப்படி?

பதில்: வீடு கட்டுபவர் வயரிங்காரரைக் கடையில் தேடுவதில்லை. மேசனிடம்தான் கேட்பார். மேசன் ஒரு பெயரைச் சொன்னால், வேலை பிழைக்கும்போது ஏச்சு வாங்குவதும் அவர்தான். அதனால் தான் வேலையைப் பார்த்திராத ஆளின் இலக்கத்தை அவர் கொடுக்கமாட்டார். மேசன், பிளம்பர், சீலிங் அடிப்பவர், ஏசி பூட்டுபவர் என உங்களுக்கு முன்னும் பின்னும் அதே வீட்டில் நிற்பவர்கள் முதலில் உங்கள் வேலையைப் பார்க்க வேண்டும்.

பிளேட் (கொங்கிரீட் தட்டு) போடுவதற்கு முதல்நாள் பின்னேரமே வயர்க் குழாய்களையும் ஃபேன் பெட்டிகளையும் கட்டி, வாய்களை அடைத்து, மேசனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கொங்கிரீட் இறங்கும்போதும் பக்கத்தில் நில்லுங்கள். மிதிபட்டு நசுங்கிய குழாயை அந்த நேரத்தில் மாற்றிவிடலாம். இறுகிய பிறகென்றால் பிளேட்டைக் கொத்த வேண்டும். சுவர் வெட்டுவதைப் பூச்சுக்கு முன்பே முடியுங்கள். பூசிய சுவரை வெட்டும் ஆளை எந்த மேசனும் மறுபடி கூப்பிட விரும்பமாட்டார். குளியலறைச் சுவரில் தண்ணீர்க் குழாய், வயர் இரண்டும் போகும் பாதையைப் பூச்சுக்கு முன் படமெடுத்து பிளம்பருக்கும் அனுப்புங்கள். பின்னாளில் அந்தச் சுவரில் துளையிட வரும்போது அவர் உங்களை நினைப்பார்.

அடுத்து, பலர் தயங்கும் இடம்: மற்ற வயரிங்காரர்கள். அவர்களைப் போட்டியாக மட்டும் பார்த்து ஒதுங்காதீர்கள். வேலை கூடிப்போய்த் திணறும்போது பங்கு கொடுக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். நாலைந்து பேர் போதும். ஒரே தெருவில் ஐவர் சேர்ந்தால் வாடிக்கையாளருக்காக இழுபறி வரும். காத்தான்குடியில் ஒருவர், களுவாஞ்சிகுடியில் ஒருவர், மண்முனைப் பாலத்துக்கு அப்பால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒருவர் என்று பிரிந்திருப்பது நல்லது. தைப்பொங்கலன்று உங்கள் வாடிக்கையாளர் வீட்டில் கரண்ட் நின்றால் காத்தான்குடிக்காரர் போவார். பெருநாளன்று அவருக்காக நீங்கள் போவீர்கள்.

சேர்ந்தவுடன் பங்கு போட்டு ஒரு மெகர் (வயரின் காப்பைச் சோதிக்கும் கருவி) வாங்குங்கள். உங்கள் மாரிகாலக் கவலைக்கும் அதில் ஒரு பதில் இருக்கிறது. மழை நாளில் ஈரம் ஊறிய இணைப்பில் கசிவு ஏற்பட்டு, 30 மில்லிஆம்ப் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கும். மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் அளக்கும், அதனால் அந்தக் கசிவு பெரும்பாலும் பிடிபடாது. மெயினை நிறுத்தி, பல்புகளையும் பிளக்குகளையும் கழற்றி, லைனையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு எதிரே 500 வோல்ட் டீ.சீ.யில் மெகரால் அளந்து பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்தச் சர்க்கிட்டில் கோளாறு இருக்கிறது. புதுக் கட்டட வேலை நின்றுபோகும் மாதங்களில் பழைய வீடுகளின் இந்தக் கோளாறுகள் சோறு போடும். மெகரை யார் எப்போது எடுத்தார், எப்போது திருப்பினார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கைதவறி உடைந்தால் எடுத்தவர் பொறுப்பு, தானாகப் பழுதானால் எல்லோரும்.

வேலையைக் கைமாற்றும்போது வெறும் இலக்கத்தை அனுப்பாதீர்கள். இடம், பழைய வயரா புதிதா, ஒரு பேஸா மூன்று பேஸா, வீட்டுக்காரர் சொன்ன குறை என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேறொருவர் வருவார் என்று வீட்டுக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒருநாளாவது கூட வேலை செய்து பார்க்காத ஆளை ஒருபோதும் அனுப்பவேண்டாம்.

கூட்டு உடைவது பெரும்பாலும் காசில்தான். வேலையைக் காட்டிவிட்டதற்கு மட்டும் கொமிஷன் வாங்காதீர்கள். அந்தக் காசு வீட்டுக்காரரின் பில்லில்தான் ஏறும். போகப்போக நல்ல வேலைக்காரரை விட்டுக் கூடக் கொமிஷன் தருபவருக்கே வேலை போகும். சேர்ந்து செய்யும் கொந்தராத்து வேறு விஷயம். கூலி 90,000 ரூபாய் என்று வையுங்கள். அளவெடுத்து, வீட்டுக்காரருக்குப் பதில் சொல்பவருக்கு முதலில் பத்து வீதம், 9,000. மிச்சம் 81,000. மூவர் 10, 10, 7 நாள் நின்றால் மொத்தம் 27 நாள்; நாளுக்கு 3,000. இந்தக் கணக்கை வேலை தொடங்குமுன் எழுதிவையுங்கள். ஆறு மாதத்துக்குள் கோளாறு வந்தால் கூலியில்லாமல் யார் போவது என்பதையும் எழுதுங்கள். குழாய் முடிந்ததும் ஒரு பங்கு, வயர் இழுத்ததும் ஒரு பங்கு, சோதித்ததும் கடைசிப் பங்கு என்று வாங்கி, வாங்கிய அன்றே பிரித்துவிடுங்கள்.

நண்பர் மூலம் அறிமுகமான வீட்டுக்காரர் அடுத்தமுறை நேரே உங்களை அழைத்தால், போகுமுன் நண்பருக்குச் சொல்லுங்கள். மறைத்துச் செய்த ஒரு வேலை அந்தப் பழக்கத்தையே முறித்துவிடும்.

வாட்ஸ்அப் குழு இந்த நாலைந்து பேருக்கு மட்டும் போதும். வேலை, வயர் விலை, கோளாற்றுப் படம் தவிர வேறெதுவும் வேண்டாம். உதவி கேட்கும்போது "ட்ரிப் ஆகுது" என்று மட்டும் போடாமல், போர்டின் படத்தையும் அளந்த அளவையும் எந்தச் சர்க்கிட் என்பதையும் போடுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் பதில் சீக்கிரம் வரும்.

இந்தக் கிழமையே, நீங்கள் கடைசியாக முடித்த மூன்று வீடுகளின் மேசன்மாரை அழைத்து, அடுத்த பிளேட் எங்கே, எப்போது என்று கேளுங்கள்.