புது கேமராவுக்கு நகையை அடகு வைக்கலாமா? மண்டபம் ஊர்த் தாய்க்குப் பதில்

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன அம்மா. போட்டோ எடுத்து மகன் பிழைத்துக்கொள்வாரா என்பது ஒன்று. புதிதாக அறிவித்திருக்கும் கேமராவை நகையை அடகு வைத்து வாங்கித் தரலாமா என்பது இன்னொன்று. தம்பி விஸ்காம் முடித்தவர், ராமநாதபுரம் ஸ்டூடியோ ஒன்றுக்கு செகண்ட் ஷூட்டராக, அதாவது மெயின் ஆளுக்குத் துணையாகப் படம் எடுப்பவராகப் போகிறார், இடையில் தனியாகவும் கல்யாண ஆர்டர் பிடிக்கிறார், கையில் கேனான் 6டி மார்க் 2 இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பதில் சொல்ல இவ்வளவு விவரம் போதும்.

முதலில் அவரிடம் ஒன்று கேளுங்கள்: போன 12 மாதத்தில் இந்த கேமராவால் கைநழுவிய ஆர்டர் எது? "எல்லாரும் மாறிட்டாங்கம்மா" என்பது பதில் ஆகாது. "4கே வீடியோ கேட்டாங்க, இதுல வராது" என்றால் அது பதில். 6டி மார்க் 2 வெளிவந்தது 2017-இல். அதில் 4கே வீடியோ கிடையாது. ஃபோகஸ் புள்ளிகள் 45 இருந்தாலும் எல்லாம் நடுவிலேயே குவிந்திருக்கும். மணமக்களை ஓரத்தில் நிறுத்தி வ்யூஃபைண்டர் வழியாக எடுத்தால் கண்ணில் ஃபோகஸ் பிடிப்பது கஷ்டம். எல்லாவற்றையும் விட, மெமரி கார்டு போட ஒரே ஓர் இடம். தாலி கட்டும் நேரத்தில் கார்டு பழுதானால் அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க வழியில்லை. செகண்ட் ஷூட்டராக இருக்கும்வரை அது சமாளிக்கக்கூடிய குறை. மெயின் ஆள் எடுத்தது கையில் இருக்கும். தனியாக ஆர்டர் பிடிப்பவருக்கு அது பெரிய ஆபத்து. ஆகவே தம்பி கேமரா மாற்ற நினைப்பது வீண் ஆசை இல்லை. நேற்று அறிவித்ததைத்தான் வாங்க வேண்டும் என்பதோடுதான் எனக்கு உடன்பாடு இல்லை.

அறிவிப்பு வந்த மாதங்களில் கடைக்காரர் விலை குறைக்க மாட்டார். அந்தக் கேமராவின் ரா ஃபைலை, அதாவது சுருக்காமல் பதிவாகும் அசல் படக் கோப்பைத் திறக்க எடிட்டிங் மென்பொருள் புதிதாக இருக்க வேண்டும். ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் பழைய லைட்ரூம் இருந்தால் திறக்கவே திறக்காது. பழைய மென்பொருள் திறக்கும் வடிவத்துக்கு ஃபைலை மாற்றும் அடோபியின் இலவச டி.என்.ஜி. கன்வெர்ட்டர் போட்டு ஒப்பேற்றலாம், ஆனால் ஆயிரக்கணக்கான ஃபைலுக்கு அது இன்னொரு இரவு வேலை. ஆரம்பக் கோளாறுகளும் உண்டு. 2020 ஜூலையில் கேனான் ஆர்5 வந்தபோது, 23 டிகிரி வெப்பத்தில் 8கே வீடியோ சுமார் 20 நிமிடம்தான் ஓடும் என்று கம்பெனியே அட்டவணை போட்டது. நம்மூர் வைகாசியில் ஏ.சி. இல்லாத மஹாலுக்குள் 23 டிகிரிக்கு எங்கே போவது? அடுத்த மாதமே கேமராவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக் கொடுத்து ஓரளவு சரிசெய்தார்கள். முதல் வரிசையில் வாங்குபவர்தான் இதையெல்லாம் சோதித்துத் தருபவர்.

தம்பிக்கு நான் சொல்வது ஒரு தலைமுறை பழைய மாடல். உதாரணத்துக்கு, கேனான் 2022 நவம்பரில் அறிவித்த ஆர்6 மார்க் 2 என்ற மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா. 24 மெகாபிக்ஸல், இரண்டு எஸ்.டி. கார்டு, 4கே 60 ஃப்ரேம், கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ். 6டி-க்காகக் கையில் உள்ள இ.எஃப். வகை லென்ஸ்கள் கேனானின் அடாப்டர் போட்டால் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்யும். 6டி-யின் பேட்டரியும் இதில் பொருந்தும்.

கடையில் சொல்லும் விலை பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவுக்கு மட்டும். அடாப்டர், ஒரு கூடுதல் பேட்டரி, வேகமான எஸ்.டி. கார்டு இரண்டு, ஹார்ட் டிஸ்க் இரண்டு இதே பில்லில் சேர வேண்டும். ஒரு கல்யாணத்தில் 3,000 படம் என்று வையுங்கள். 24 மெகாபிக்ஸல் ரா ஃபைல் ஒன்று சுமார் 28 எம்.பி. என்றால் மொத்தம் 84 ஜி.பி. 45 மெகாபிக்ஸல் கேமராவில் ஃபைல் 50 எம்.பி. போனால் 150 ஜி.பி. இரண்டு காப்பி எடுத்து வைத்தால் 300. ஆல்பம் அச்சுக்கு 24 மெகாபிக்ஸல் தாராளம். சி.எஃப்.எக்ஸ்பிரஸ் என்ற அதிவேக கார்டு கேட்கும் கேமரா என்றால் கார்டு விலையே தலை சுற்றும். அதையும் விசாரித்துவிட்டுத்தான் மாடலைப் பற்றிப் பேச வேண்டும்.

இனி கடன். 2 லட்சம் ரூபாயை 15 சதவீத வட்டியில் 24 மாதத்துக்கு வாங்கினால் மாதம் சுமார் 9,700 ரூபாய், மொத்தம் 2 லட்சத்து 32 ஆயிரத்துக்கு மேல். கல்யாண வேலையில் வருமானம் மாதாமாதம் வராது, தவணை மட்டும் மாதாமாதம் வரும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. தங்கச்சிமடம் பக்கம் கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் சர்ச் கல்யாணம் பொதுவாக நடக்காது. கீழக்கரை, தொண்டியில் ரமலானில் நிக்காஹ் அபூர்வம். வளைகுடாவிலிருந்து மாப்பிள்ளை லீவில் வரும் நாட்களை ஒட்டித்தான் தேதி குறிப்பார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடற்கரை ஊர்களில் ஆல்பப் பாக்கி வசூலாவது இழுபடும். மூன்று சமூகத்திலும் ஆர்டர் பிடிக்கிறவருக்கு வெறும் மாதங்கள் குறையும். ஒரே வட்டத்தில் சுற்றுகிறவருக்கு மூன்று நான்கு மாதம் கையில் காசு இருக்காது. தம்பியின் நோட்டை எடுத்து 12 மாதத்துக்கும் வரவை எழுதிப் பாருங்கள். மிக மெலிந்த மூன்று மாதத்துக்கான தவணையை முன்கூட்டியே வங்கியில் போட்டு வைக்க முடியும் என்றால் மட்டும் கடன் வாங்கலாம்.

நகைக்கடனில் வட்டி குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் ஒரு வருடத்தில் மொத்தமாகத் திருப்ப வேண்டும். முடியாதபோது வட்டியைக் கட்டி மாற்றி மாற்றி வைத்து நகை வீட்டுக்கு வராமலே போகும். தொழில் தம்பியுடையது, கடனும் அவர் பெயரில் இருக்கட்டும். சிறு தொழில்களுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை 'கிஷோர்' பிரிவு, பிணை வேண்டியதில்லை. சிறு தொழிலை அரசிடம் பதியும் உத்யம் பதிவு இலவசம், அதை முதலில் முடித்துவிட்டு, கடையில் பெற்ற கொட்டேஷனோடு வங்கிக்குப் போகச் சொல்லுங்கள். மாவட்டத் தொழில் மையத்திலும் மானியத் திட்டங்களை விசாரிக்கலாம். பில் போடாமல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் குறைத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். பில்லில் சீரியல் நம்பர் இல்லையென்றால் வாரண்டிக்கும் இன்சூரன்ஸுக்கும் பிடிமானம் இல்லை.

வாங்குவதற்கு முன் அந்த மாடலை மதுரையில் வாடகைக்கு எடுத்து இரண்டு முகூர்த்தம் எடுத்துப் பார்க்கட்டும். சீரியல் லைட், எல்.இ.டி. சுவர் உள்ள மஹாலில் மின்னணு ஷட்டரில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். இப்படிப்பட்டதை அடுத்தவர் கேமராவில் கற்றுக்கொள்வது மலிவு.

நம் கரையில் கேமராவைக் கெடுப்பது உப்புக்காற்று. பெரும்பாலான மிரர்லெஸ் பாடிகளில் லென்ஸைக் கழற்றினால், படத்தைப் பதியும் சென்சார் நேராக வெளியே தெரியும். பழைய கேமராவில் முன்னால் கண்ணாடியாவது மறைத்து நின்றது. அரிச்சல்முனையில் ஆடிக் காற்றில் மணல் பறக்கும்போது லென்ஸ் மாற்றவே கூடாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் காருக்குள் போய், கேமராவை அணைத்து, வாய்ப்பகுதியைத் தரை பார்க்கப் பிடித்துக்கொண்டு மாற்ற வேண்டும். சென்சாரை வாயால் ஊதினால் எச்சில் தெறித்துக் கறை படியும், ப்ளோயர்தான். வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் பாடியைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். வெறும் உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பு அங்கேயே தங்கும். உப்பு இரவு ஈரத்தை இழுத்து மறுபடி கசியும், ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் துரு அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ட்ரைபாட் கால்களையும் பிரித்து அலச வேண்டும். வைப்பதற்கு ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரை கேபினட் அலமாரி இல்லாவிட்டால், ரப்பர் விளிம்புள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பத மீட்டரும் போட்டு 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைக்கலாம். பீரோவில் தோல் பைக்குள் வைத்தால் லென்ஸில் பூஞ்சை வரும். உப்பாலும் மணலாலும் வரும் பழுதை வாரண்டி பொதுவாக ஏற்காது, ஆகவே தனி இன்சூரன்ஸ் அவசியம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதானால் பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, ஃப்ளாஷ் மாட்டும் தடத்தில் துரு உண்டா என்று பாருங்கள். லென்ஸ் துளையை எஃப்/16 அளவுக்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் உள்ள தூசுப் புள்ளி தெரிந்துவிடும். லென்ஸுக்குள் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்தி வலைபோலத் தெரியும். புது மாடல் அறிவித்த அடுத்த வாரங்களில் பழைய மாடலை விற்பவர்கள் நிறைய வருவார்கள். அப்போது பேரம் பேசுவது நல்லது.

தம்பியிடம் தனியாக ஒன்று: சித்திரங்குடியிலும் காஞ்சிரங்குளத்திலும் பறவை எடுக்க நொடிக்கு 40 படம் வேண்டும் என்று தோன்றலாம். அது நல்ல பொழுதுபோக்கு, அந்தச் செலவைத் தொழில் கணக்கில் எழுத வேண்டாம். ஸ்டூடியோவில் நாள் கூலி வாங்கும்வரை கேமரா மாறினால் கூலி எவ்வளவு ஏறும் என்று முதலாளியிடம் நேராகக் கேட்டுவிடட்டும். ஏறாது என்றால், அந்தப் பணத்தில் ஒரு பகுதியில் இரண்டு ஃப்ளாஷும் அவற்றைத் தள்ளி வைத்து இயக்கும் ட்ரிகரும் வாங்கி ஒளி அமைக்கப் பழகினால் மஹால் படங்களில் வித்தியாசம் உடனே தெரியும்.

புது பாடி வந்தாலும் 6டி-யை விற்க வேண்டாம். விற்றால் கிடைப்பது சொற்பம், தனி ஆர்டரில் இரண்டாவது பாடி இல்லாமல் போவது அதைவிட நஷ்டம். அதில் 50 எம்.எம். மாட்டிப் பையில் தயாராக வைத்திருக்கட்டும்.